பூனைக்குட்டியும் பால் கிண்ணமும்

பூனையையும் பாலையும் பிரித்துப் பார்க்க நம் மொழிக்கு மனம் வருவதில்லை. இராமகாதையைப் பாடப் புகுந்த கம்பர், தம் ஆசையின் அளவைக் கூற விரும்பி, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட முனைந்த ஒரு பூனையையே தமக்கு உவமையாக்கிக்கொண்டார். இரு பக்கமும் நல்லவனாக நடப்பவனைப் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று பழமொழி எள்ளுகிறது. தெனாலிராமன் கதையைச் சிறுவரும் அறிவர். பூனை வளர்க்கும்படி ஆணையிட்ட அரசர், அதற்குப் பால் ஊட்டப் பசுவும் கொடுத்தார். இராமன் கொதிக்கும் பாலைப் பூனையின்முன் வைத்தான். வாய் வெந்த பூனை அன்றுமுதல் பாலைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. பாலைக் கண்டு அஞ்சும் பூனையும் உண்டோ என்னும் வியப்பில்தான் அந்தக் கதையின் சுவையே அடங்கியிருக்கிறது.

நெடுநாள் பழகிப்போன இந்த எண்ணத்தை ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்குமாறு நேயர்களை வேண்டிக்கொள்கிறேன். வயிறு எளிதில் கெட்டுப்போகும் பூனைக்குட்டிக்கு எத்தகைய உணவைத் தேர்ந்து கொடுப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்குச் சிறிய பொருளாகத் தோன்றும். ஆயினும், அரைக் கிலோ எடைகூட இல்லாத ஓர் உயிர் பிழைப்பதும் மடிவதும் பல சமயங்களில் இந்தச் சிறிய பொருளைப் பற்றிய நம் அறிவையே பொறுத்திருக்கின்றன.

வழக்கமாக நம் இல்லங்களில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். மாடிப்படியின் அடியிலோ, கொல்லைப்புறத்து விறகுக் குவியலிலோ ஒரு தாய்ப்பூனை குட்டி ஈனுகிறது. சில வாரங்கள் சென்றபின் ஒரு குட்டி தனியே நின்று கத்துகிறது. பிள்ளைகள் அதைத் தூக்கி வருகிறார்கள். பாட்டி மனமிரங்கி ஒரு கொட்டாங்கச்சியில் பசும்பாலை ஊற்றி வைக்கிறாள். குட்டி ஆவலோடு குடிக்கிறது. மறுநாள் அதற்குக் கழிச்சல் காண்கிறது. பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கிறார்கள், கழிச்சல் நிற்கவில்லை. மூன்றாம் நாள், வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று தயிர்ச்சோறு பிசைந்து வைக்கிறார்கள். நான்காம் நாள், லங்கணம் பரம ஔஷதம் என்று சொல்லிப் பட்டினி போடுகிறார்கள். ஐந்தாம் நாள் காலையில் குட்டி எழுந்திருப்பதில்லை. இதில் எந்தச் செயலும் கொடுமையினால் செய்யப்பட்டதன்று. மனிதக் குழந்தைக்குச் செய்வதையே பூனைக்குட்டிக்கும் செய்தார்கள். பூனையின் உடல் வேறு விதிகளுக்கு உட்பட்டது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

அந்த விதிகளை முதலில் காண்போம். வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவின் வடபகுதியிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்துவரும் ஒருவகைக் காட்டுப் பூனை. மனிதன் தானியத்தைச் சேமித்து வைக்கக் கற்றபோது எலிகள் அவனை நாடி வந்தன. எலிகளை நாடிப் பூனை வந்தது. மனிதனோடு வாழ்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும் பூனை தன் உணவு முறையை மாற்றிக்கொள்ளவில்லை. நாய் நம்மோடு சேர்ந்து சோறும் கூழும் உண்ணப் பழகிவிட்டது. பூனையோ இன்றும் உடலமைப்பால் முற்றிலும் ஊனுண்ணியே.

ஒரு சுண்டெலியை எடுத்துக்கொள்வோம். அதன் உடலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீர். அந்த நீரை நீக்கினால் எஞ்சுவதில் பாதிக்கு மேல் புரதம், அடுத்து கொழுப்பு, மாவுப்பொருள் மிகச் சொற்பம். எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தும், ஈரலிலிருந்து வைட்டமின்களும் பூனைக்குக் கிடைக்கின்றன. சுண்டெலி சிறிய உணவாதலால் பூனை ஒரு நாளில் பல தடவை வேட்டையாடிச் சிறிது சிறிதாக உண்ணுகிறது. பூனைக்கு இயற்கை வகுத்த உணவுத் திட்டம் இதுவே. குட்டிக்கு நாம் தரும் உணவு எதுவாயினும் அதை இந்தச் சுண்டெலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது தகுந்ததா தகாததா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

விஞ்ஞானிகள் இதைப் படிப்படியாகக் கண்டறிந்தனர். 1975ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். பாலில் உள்ள கேசின் என்னும் புரதத்தையே புரதமாகக் கொண்ட உணவை உண்டுவந்த பூனைகளின் விழித்திரை கெட்டு, பார்வை மங்கியது. டாரின் என்னும் பொருள் அவ்வுணவில் இல்லாமையே அதற்குக் காரணம். பிற விலங்குகள் பலவும் தம் உடலிலேயே டாரினைப் போதிய அளவு ஆக்கிக்கொள்கின்றன. பூனையால் அது இயலாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் பெற்றாக வேண்டும். 1978இல், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் அறவே இல்லாத உணவைப் பூனை ஒரே ஒரு வேளை உண்டாலும், அதன் இரத்தத்தில் அம்மோனியா நஞ்சு ஏறிவிடுகிறது என்பது தெரியவந்தது. 1987இல், டாரின் குறைவினால் பூனையின் இதயத் தசையும் தளர்ந்துபோகும் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் காட்டினர். 2005இல் வேறோர் உண்மை வெளியாயிற்று. இனிப்பை உணரும் சுவையேற்பியை ஆக்கும் மரபணு பூனையில் செயலற்றுக் கிடக்கிறது. பிள்ளைகள் அன்போடு பிட்டுக் கொடுக்கும் பிஸ்கோத்தின் இனிப்பு பூனையின் நாவுக்குத் தெரியவே தெரியாது.

இனி, பாலுக்கு வருவோம். பாலில் லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை உண்டு. அதைச் செரிப்பதற்கு லாக்டேஸ் என்னும் நொதி குடலில் வேண்டும். தாயிடம் பால் குடிக்கும் பருவத்தில் குட்டியின் குடலில் இந்த நொதி நிறைய இருக்கிறது. பால்குடி மறக்க மறக்க அது குறைந்துகொண்டே போகிறது. செரிக்கப்படாத பாற்சர்க்கரை பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கே அது நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது; கிருமிகள் அதைப் புளிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு உப்புகிறது, கழிச்சல் காண்கிறது. தண்ணீர் கலந்து கொடுத்தாலும் பாற்சர்க்கரை மறைந்துவிடுவதில்லை. குட்டிக்குக் கிடைக்கும் சத்துத்தான் குறைகிறது. எல்லாப் பூனைகளுக்கும் ஒரே அளவில் இத்தொல்லை வருவதில்லை என்பதும் உண்மையே. சில பூனைகள் சிறிது பாலைத் தாங்கிக்கொள்ளும். ஆனால், வயிறு ஏற்கெனவே கெட்டிருக்கும் குட்டியை அந்தச் சோதனைக்கு உட்படுத்துவது முறையன்று.

அவ்வாறாயின் தாய்ப்பாலையே நம்பியிருக்கும் பச்சிளங்குட்டிக்கு என் செய்வது என்று கேட்பீர்கள். குட்டியைக் கையில் எடுப்பதற்குமுன் தாய் உண்மையிலேயே இல்லையா என்று சில மணி நேரம் தொலைவிலிருந்து கவனியுங்கள். தாய் இரை தேடச் சென்றிருக்கலாம். 4 வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தாயின் பாலுக்கு இணையான உணவு உலகில் இல்லை. பூனையின் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. தாய் இல்லையென்பது உறுதியானால், பூனைக்குட்டிக்கென்றே செய்யப்பட்ட மாற்றுப்பால் மாவை வாங்கி, டப்பாவில் குறித்துள்ள அளவில் வெந்நீரில் கரைத்து, உடற்சூட்டின் அளவுக்கு ஆறவைத்துக் கொடுக்கவேண்டும். குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டக்கூடாது. பால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். வயிறு கீழே இருக்கும்படி, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே ஊட்டவேண்டும். குளிர்ந்து விறைத்திருக்கும் குட்டிக்கு உணவு செரிக்காது. முதலில் துணியில் சுற்றி மெல்லச் சூடேற்றி, அதன் பின்னரே ஊட்டவேண்டும். குட்டியின் இரைப்பை, 100 கிராம் உடல் எடைக்கு ஏறத்தாழ 4 மில்லிலிட்டர் பாலையே ஒரு வேளையில் வசதியாகக் கொள்ளும். ஆசைப்பட்டு அதிகம் புகட்டுவதும் கழிச்சலுக்கு ஒரு காரணமாகும்.

4 வாரம் ஆனபின் குட்டி மெல்லத் திட உணவுக்கு மாறுகிறது; 8 வாரத்தில் அந்த மாற்றம் ஏறக்குறைய முடிவடைகிறது. நம் இல்லங்களுக்கு வந்து சேரும் குட்டிகளிற் பல இந்தப் பருவத்தினவே. வயிறு மிக எளிதாகக் கெடுவதும் இந்தப் பருவத்திலேதான். தாயை விட்ட ஏக்கம், புதிய இடம், புதிய உணவு ஆகிய மூன்றும் ஒரே நாளில் அதன்மேல் வந்து விழுகின்றன.

இத்தகைய குட்டிக்கு உணவைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். முதலாவது, குட்டிக்கு வயது என்ன? இரண்டாவது, சென்ற சில நாட்களில் உணவில் எதை மாற்றினோம்? மூன்றாவது, ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுக்கிறோம்? நான்காவது, குடற்புழு நீக்கும் மருந்தும் தடுப்பூசியும் கொடுத்தாயிற்றா? இவற்றுள் நான்காவது கேள்வியையே நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நாக்குப்பூச்சி வகையைச் சேர்ந்த புழு தாயின் பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகிறது. ஆகையால் வீட்டுக்கு வரும் குட்டிகளிற் பலவற்றுக்குப் புழு இருக்கும் என்று கொள்வதே முறை. உடல் மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் உருண்டிருப்பது அதன் அடையாளம். 3 வாரம் ஆன குட்டிக்கே மருத்துவர் புழு மருந்து கொடுக்கத் தொடங்குவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அது திரும்பக் கொடுக்கப்படும். கண்ணுக்குத் தெரியாத ஓரணு ஒட்டுண்ணிகளாலும் ஓயாத கழிச்சல் உண்டாகும். குட்டியின் மலத்தைச் சிறிது எடுத்துச் சென்று நுண்பெருக்கியில் பார்க்கச் செய்தால் இவை வெளிப்படும். புழு நிறைந்த வயிற்றுக்கு எத்தனை உயர்ந்த உணவை வாங்கிக் கொட்டினாலும் பயனில்லை.

சில சமயங்களில் உணவைப் பற்றிய ஆராய்ச்சிக்கே நேரம் இராது. குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறதா? மலத்தில் இரத்தம் கலந்திருக்கிறதா? உணவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? மூலையில் சுருண்டு கிடக்கிறதா? ஈறுகள் வெளுத்திருக்கின்றனவா? கழுத்தின் பின்தோலை மெல்லத் தூக்கிவிட்டால் அது உடனே படியாமல் மடிந்தே நிற்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். பான்லூக்கோபீனியா என்னும் கொடிய தொற்றுநோய் இப்படித்தான் தொடங்குகிறது. தடுப்பூசி போடாத குட்டிகளில் அது பெரும்பாலானவற்றைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் தடுப்பூசியைத் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறையாக, 16 வாரம் கடக்கும்வரை தொடர்ந்து போட்டுவந்தால் அந்நோயை அணுகவொட்டாமல் தடுக்கலாம். 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று இன்று வேப்பேரியில் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பூனைகளுக்கும் மருத்துவம் செய்கின்றனர். மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகங்கள் உள்ளன. கால்நடை என்ற சொல்லைக் கண்டு, அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரிய இடம் என்று எண்ணித் தயங்கவேண்டுவதில்லை.

குட்டி சுறுசுறுப்பாக விளையாடுகிறது, உணவை விரும்பி உண்ணுகிறது, மலம் மட்டும் இளகிப் போகிறது என்றால், அப்போது உணவைச் சீர்செய்யலாம். முதற் காரியம் பாலை அடியோடு நிறுத்துவது. பால் இருந்த கிண்ணத்தில் தூய நீரை வையுங்கள். பட்டினி போடவேண்டா. நல்ல உடற்கட்டுள்ள மனிதனுக்கு ஒருநாள் உபவாசம் நலம் செய்யலாம். சிறிய குட்டியின் உடலிலோ சேமித்து வைத்த சக்தி மிகக் குறைவு. சில வேளைகள் உணவின்றிப் போனாலே இரத்தத்திலுள்ள சர்க்கரை தாழ்ந்து, உடல் குளிர்ந்து, மயக்கம் வந்துவிடும். லங்கணம் என்னும் மருந்து பூனைக்குட்டிக்கு உரியதன்று.

வயிற்றை ஆற்றுவதற்கு எளிதாகச் செரிக்கும் ஒரே வகை உணவைச் சிறிது சிறிதாக, நாளொன்றுக்கு 5 அல்லது 6 வேளையாகக் கொடுக்கலாம். எலும்பும் தோலும் நீக்கிய கோழி இறைச்சியை, உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் சேர்க்காமல், வெறும் நீரில் நன்கு வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து, வெந்த நீரோடு சேர்த்தே வைப்பது ஒரு வழி. அந்த நீரைக் கொட்டிவிடக்கூடாது. முன்னர்க் கூறிய டாரின் நீரில் கரையும் தன்மையுடையது. வேகும்போது அதன் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடுகிறது. குழைய வெந்த சோற்றை ஒரு சிட்டிகை அளவு சேர்த்தால் தவறில்லை. பூனையின் உமிழ்நீரில் மாவுப்பொருளைச் செரிக்கும் நொதி கிடையாது. கணையநீரிலும் அது குறைவே. ஆகையால் சோறு துணையாக இருக்கலாமே தவிர, உணவாகக்கூடாது.

இந்தக் கோழி உணவும் இரண்டு மூன்று நாளைக்குத்தான். வயிறு ஆறிவிட்டதே என்று அதையே மாதக்கணக்கில் தொடர்ந்தால் வேறொரு தீங்கு நேரும். வெறுந்தசையில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சுண்டெலியை உண்ணும் பூனை எலும்பையும் சேர்த்தன்றோ உண்ணுகிறது? தசையை மட்டுமே உண்ணும் குட்டியின் உடல், குறைந்துபோன சுண்ணாம்புச் சத்துக்காகத் தன் எலும்பையே கரைத்துக்கொள்கிறது. எலும்பு மெலிந்து, தாவிக் குதித்தாலே முறிந்துவிடும் நிலை உண்டாகிறது. நாள்தோறும் ஈரலையே கொடுத்துவந்தால் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்து, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகும். மீன்காரரிடம் வாங்கும் பச்சை மீனை மட்டுமே போட்டு வளர்ப்பதிலும் குறையுண்டு. சிலவகை மீன்களில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி-1ஐ அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும்.

எனவே, வயிறு தேறியபின் குட்டி தொடர்ந்து உண்ணுவதற்கு முழுமையான உணவொன்று வேண்டும். கடைகளில் பூனைக்கென விற்கும் உணவுகள் இரு வகை. ஒன்று சிறு உருண்டைகளாக உள்ள உலர் உணவு. மற்றொன்று டப்பாவிலோ உறையிலோ அடைத்த ஈர உணவு. வாங்குமுன் உறையின்மேல் அச்சிட்டிருப்பதை நிதானமாகப் படியுங்கள். அது வளரும் குட்டிக்கு உரியது என்றும், முழுமையான, சமச்சீரான உணவு என்றும் குறிப்பிட்டிருக்க வேண்டும். சிறு தின்பண்டம் என்றோ, துணை உணவு என்றோ குறித்திருந்தால் அதை மட்டுமே நம்பிக் குட்டியை வளர்க்கக் கூடாது. சேர்பொருள்களில் முதலில் கோழி, மீன் போன்ற ஊனுணவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; டாரின் சேர்க்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள்.

புரதத்தின் அளவைப் பார்ப்பதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஈர உணவின் உறையில் புரதம் 10 விழுக்காடு என்றும், உலர் உணவின் பையில் 32 விழுக்காடு என்றும் இருந்தால், பின்னதே சிறந்தது என்று தோன்றும். ஆனால், ஈர உணவில் 80 விழுக்காடு நீர். அதை நீக்கினால் எஞ்சும் 20 பங்கில் 10 பங்கு புரதம், அஃதாவது சரிபாதி. உலர் உணவில் நீர் 10 விழுக்காடு எனில், எஞ்சும் 90 பங்கில் 32 பங்கு புரதம். ஏறத்தாழ 36 விழுக்காடு. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வகுத்த அளவின்படி, நீர் நீக்கிய நிலையில், வளரும் குட்டியின் உணவில் புரதம் 30 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. வளர்ந்த பூனைக்கு 26 போதும். ஆகவே இரு வகையும் தகுந்தவையே. கழிச்சலினால் நீர் இழந்த குட்டிக்கு ஈர உணவு கூடுதல் நலம் பயக்கும். விலை கருதி உலர் உணவையே வாங்குவோர் அதை இளஞ்சூடான நீரில் ஊறவைத்து மென்மையாக்கிக் கொடுக்கலாம். ஊறவைத்ததை நீண்ட நேரம் வெளியில் விட்டுவைக்கக்கூடாது. நம் நாட்டு வெப்பத்தில் அது விரைவில் கெட்டுப்போகும்.

புதிய உணவை எப்படித் தொடங்குவது என்பதும் முக்கியம். முதல் இரண்டு நாள் பழைய உணவு முக்கால் பங்கும் புதியது கால் பங்குமாகக் கலந்து கொடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் பாதிக்குப் பாதி. அதன்பின் புதியது முக்கால் பங்கு. இவ்வாறு 7 முதல் 10 நாளில் முழுவதும் மாற்றிவிடலாம். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ள அவகாசம் வேண்டும். திங்களன்று ஓர் உணவு, புதனன்று வேறொன்று, வெள்ளியன்று அண்டை வீட்டார் சொன்ன மற்றொன்று என்று மாற்றிக்கொண்டே போவதே பல குட்டிகளுக்கு வயிறு தேறாமல் இருப்பதற்குக் காரணம். ஒன்றைத் தேர்ந்தால், மருத்துவர் வேண்டாமென்று சொன்னாலன்றி, இரண்டு வாரமாவது அதில் நிலைத்திருங்கள். இடையில் தின்பண்டம் கூடாது.

புழுவும் இல்லை, தொற்றும் இல்லை, உணவையும் முறையாகவே மாற்றினோம். ஆயினும் கழிச்சல் நிற்கவில்லை என்று சொல்லக்கூடிய குட்டிகள் சில உண்டு. ஒரு குறிப்பிட்ட புரதம் அவற்றின் உடலுக்கு ஒவ்வாமல் இருக்கலாம். கோழியே ஒவ்வாதிருந்தால், அதுவரை உண்டறியாத வாத்தோ முயலோ சேர்ந்த உணவை மருத்துவர் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். அல்லது, புரதத்தை மிக நுண்ணிய கூறுகளாகச் சிதைத்துச் செய்த மருத்துவ உணவை எழுதிக் கொடுப்பார். விலை உயர்ந்த இவ்வுணவுகளைத் தொடக்கத்திலேயே வாங்கவேண்டிய தேவையில்லை. முதலில் செய்யவேண்டியவற்றை முதலில் செய்தால், பெரும்பாலான குட்டிகள் அதற்குமுன்னரே தேறிவிடுகின்றன.

நம் சமையலறையிலுள்ள சில பொருள்களைப் பற்றி எச்சரிக்கை செய்வது என் கடமை. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச் சோகையை உண்டாக்கும். இஞ்சி பூண்டு விழுது சேர்த்த குழம்பில் கிடந்த இறைச்சித் துண்டைக் கழுவிக் கொடுத்தாலும் அது பத்தியமாகாது. கருவாட்டில் உப்பு மிகுதி. வெந்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் குத்தும். எல்லாவற்றினும் கொடியது மனிதருக்கு வாங்கி வைத்த மாத்திரை. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் ஒரே மாத்திரையும் பூனையைக் கொல்லப் போதுமானது. கழிச்சலை நிறுத்தும் மருந்துகளையும் நாமாகக் கொடுக்கலாகாது.

இங்கே மரக்கறி உண்ணும் இல்லத்தாரின் சங்கடத்தையும் கூறவேண்டும். உயிர்களிடத்து இரக்கம் கொண்டமையால் ஊனை நீக்கியவர்கள் அவர்கள். அதே இரக்கத்தினால்தான் தெருவில் கத்திய குட்டியையும் வீட்டுக்குள் அழைத்தார்கள். தாம் உண்ணும் பருப்புச் சோற்றையும் தயிரையும் அதற்கு இடுகிறார்கள். பசியினால் குட்டி அதை உண்ணும். மெல்ல மெல்ல அதன் கண்ணும் இதயமும் எலும்பும் அதற்கு விலை கொடுக்கும். தயிரில் பாற்சர்க்கரை சற்றுக் குறைவுதான். ஆயினும் பூனைக்கு வேண்டிய டாரினும் போதிய புரதமும் தயிர்ச்சோற்றில் இல்லை. நம் வீட்டுச் சோறும் பருப்பும் காய்கறியும் கொண்டு பூனையை வளர்த்துவிட முடியாது. அடுப்பில் இறைச்சி வேகவைக்க மனம் ஒப்பாதவர்கள், கடையில் விற்கும் முழு உணவைத் தனிக் கிண்ணத்தில், தனி இடத்தில் வைத்துக் கொடுக்கலாம். அதுவும் இயலாதெனில், ஊன் சமைக்கும் அன்பான வேறொரு குடும்பத்தாரிடம் குட்டியை ஒப்படைப்பது நன்று. நமது கொள்கையை நாம் காக்கலாம். ஆனால், அதன் சுமையைக் குட்டியின் உடல்மேல் ஏற்றுவது அறமாகாது.

இறுதியாக ஒன்று. பூனைக்குட்டி தன் வயிற்று நோவை வாய்விட்டுச் சொல்லாது. அது சொல்லும் செய்தி இரண்டே இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது: ஒன்று அதன் மலம், மற்றொன்று அதன் எடை. பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் குட்டி, முதல் சில மாதங்களில் வாரந்தோறும் ஏறக்குறைய அதே அளவு எடை கூடிவர வேண்டும். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் குட்டியை நிறுத்து, அன்றைய எடையையும், உண்ட உணவையும், மலத்தின் தன்மையையும் ஒரு தாளில் ஒவ்வொரு வரியாகக் குறித்து வையுங்கள். குட்டியைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். அதன் புழுக்கள் சில மனிதரையும் தாக்கவல்லவை. எடை ஏறிக்கொண்டிருந்தால், மலம் ஒரு வேளை இளகியிருந்தாலும் நாம் பதற வேண்டுவதில்லை. எடை நின்றுவிட்டாலோ, இறங்கினாலோ, உடனே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நோயாளி பேசாத இடத்தில் அந்தத் தாளே மருத்துவருக்கு எல்லாவற்றையும் சொல்லும். அடுத்து எந்த உணவைக் கொடுப்பது என்பதையும் அதைப் பார்த்தே அவர் முடிவு செய்வார்.